மணல் நிறத்தில் இரண்டு மீட்டர் துணி

அந்த மணல்மேட்டின் மேல் நின்றவர்கள் நான்கு பேர். எங்கள் முதலாளி வேலுச்சாமி அண்ணன், டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்த பையர் மார்க்கஸ், வண்டி ஓட்டிய ஷாஜி, பிறகு நான். நின்றிருக்க வேண்டியவர், ஆனால் இல்லாதவர், ஜாஃபர் பாய். எங்கள் துணிக்குச் சாயம் போடுகிற மாஸ்டர் அவர். நிறம் பார்ப்பதற்கென்றே ஓமன் நாட்டுக்குப் போன கூட்டம் நாங்கள். நிறம் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை எங்கள் ஊர் வேலம்பாளையத்தில் விட்டுவிட்டுப் போனோம்.

காரணம் விமான டிக்கெட். “மூணாவது டிக்கெட் எதுக்குங்க? வாட்ஸப்புல போட்டோ அனுப்பிச்சா பாய் பாத்துக்குவாரு” என்றார் அண்ணன். பாலைவனத்தில் டவர் இருக்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. பட்டம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கஸ் ஐரோப்பாக்காரர். மூன்று நாட்டுப் பாலைவனங்களில் கூடாரம் அடித்துத் தனிமையை வாடகைக்கு விடுகிறார். அவருடைய விருந்தினர்களுக்கு நினைவுப் பொருளாகப் பதினெட்டாயிரம் டி-ஷர்ட் வேண்டும். நிறம், அவருடைய பாலைவன மணலின் நிறம். ஐந்து முறை சாம்பிள் அனுப்பினோம். ஐந்து முறையும் ‘மிக அழகு, ஆனால் இது மணல் இல்லை’ என்று பதில் எழுதினார்.

இதில் என் பங்கு ஒன்று இருக்கிறது. ஐந்தாவது சாம்பிள் போன அன்றே, பதில் வருவதற்கு முன்பே, “இது கண்டிப்பா ஓகே ஆயிருங்ணா” என்று அடித்துச் சொன்னவன் நான். அந்த வாரம் சாயப்பட்டறையில் எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. விட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகும். அண்ணன் என் வாயை நம்பி மூன்று டன் துணியைச் சாயத்தில் போட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து, இது மணல் இல்லை என்று பதில் வந்தது. அண்ணன் திட்டவில்லை. “படிச்ச புள்ள சொன்னீங்கன்னு போட்டனுங்க கண்ணு” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

பையர் ஓகே சொல்லாவிட்டால் அந்த மூன்று டன்னும் காதர்பேட்டைக்குப் போகும். கழிவுத் துணியையும் மிச்சத் துணியையும் அடிமாட்டு விலைக்கு வாங்குகிற இடம் அது. எங்களுடையது முப்பது மெஷின் கம்பெனி. தாங்காது. என் வேலையும் தாங்காது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா பனியன் கம்பெனியில் கைமடி, அதாவது தையல்காரர் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுக்கிற ஆள். அம்மா செக்கிங், தைத்து வருவதில் குறை பார்க்கிற வேலை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் லைன் வீடு முழுக்க ஒரு நம்பிக்கை உண்டு. அதை நானும் நம்பிவிட்டதுதான் கோளாறு.

நேரில் பேசிப் பார்க்கலாம் என்று மார்க்கஸுக்கு எழுதச் சொன்னார் அண்ணன். மார்க்கஸ் உடனே அழைத்துவிட்டார். ‘மணல் உங்கள் அலுவலகத்தில் தெரியாது. இங்கே வாருங்கள். பேசாமல் உட்காருங்கள். நிறம் உங்களிடம் வரும்’ என்று எழுதியிருந்தார். படித்துச் சொன்னேன். “உக்காந்திருந்தாக் கலர் எப்படிங்க வரும்? ஆவி எந்திரிச்சு வர்ற மாதிரி வருமுங்களா?” என்று கேட்டார் அண்ணன்.

கிளம்புகிற அன்று ஜாஃபர் பாய் அந்த மூன்று டன்னிலிருந்து இரண்டு மீட்டர் துணியை வெட்டி மடித்து என் கையில் கொடுத்தார். “தம்பி, துணித்துண்டு ஒட்டுன கலர் கார்டை நீட்டிக் காட்டாதீங்க. கார்டு சின்னது, யார் வேணாலும் குறை சொல்லலாம். துணியவே மண்ணு மேல விரிங்க, உச்சி வெயில்ல. நாலு முனைக்கும் பாரம் வைங்க. வெச்ச பாரத்தை எடுக்காதீங்க.” இதையும் படித்தவன் கவனத்தோடு கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் விமான நிலையத்தில் ஷாஜி நின்றிருந்தார். திருச்சூர்ப் பக்கத்துக்காரர். பதினெட்டு வருடமாக அங்கே வண்டி ஓட்டுகிறார், பாலைவனத்தின் மேல் அவருக்கு எந்தக் காதலும் இல்லை. ஒரு மலையாளி ஓட்டலில் நிறுத்தினார். அன்று கிருத்திகை, அண்ணன் அசைவம் தொடமாட்டார். புட்டும் கடலைக் குழம்பும் வந்தன. “சுண்டலைக் கொண்டுபோய் எதுக்குங்க குழம்புல போட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் சாலை. நேராக, வழுவழுவென்று, ஒரு பள்ளம் இல்லாமல் போயிற்று. அவிநாசி ரோட்டில் மூன்று மணி நேரம் போனால் முப்பது பேரைத் திட்டி, பத்துப் பேரிடம் திட்டு வாங்கி, பொழுது போனதே தெரியாது. இங்கே திட்டுவதற்கு ஒரு உயிர் இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. யாரோ பாதி கட்டி, காசில்லாமல் விட்டுப்போன ஊர் மாதிரி இருந்தது.

மணல் ஆரம்பிக்கிற இடத்தில் ஷாஜி இறங்கி டயரில் காற்றைத் திறந்துவிட்டார்.

“ஏனுங்க ஷாஜி, நல்லா இருக்கற டயர்ல காத்தை எதுக்குங்க புடுங்கறீங்க?”

“மணல்ல போகணும்னா குறைக்கணும் சாரே.”

“அப்புறம் எங்க அடிக்கறது? அக்கட்ட பங்க்சர் கடை இருக்குதுங்களா?”

“இல்ல சாரே.”

“அப்பப் பாதி மட்டும் விடுங்க.”

ஷாஜி பாதி விட்டார். இரண்டு கிலோமீட்டரில் வண்டி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. அவர் டிக்கியைத் திறந்து ஒரு மண்வெட்டியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் முதலாளி அரேபிய மணலை அள்ளிய காட்சியைப் போட்டோ எடுக்க ஆசைப்பட்டேன். வேலை முக்கியம் என்பதால் எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, மூன்று ஆடுகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர் பிக்கப்பில் வந்தார். கேள்வி ஏதும் கேட்காமல் கயிறு போட்டு இழுத்துவிட்டார். அண்ணன் பணம் நீட்டினார். கிழவர் கையைத் தட்டிவிட்டார். பதிலுக்கு ஒரு டப்பா பேரீச்சம்பழத்தைக் கொடுத்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பைக்குள் கைவிட்டு எக்ஸ்ட்ரா லார்ஜ் பனியன் இரண்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். கிழவர் தையலைப் புரட்டிப் பார்த்து, கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டுப் பார்த்து, தலையை ஆட்டினார். “வெவரமான ஆளுங்க, ரிப்பை இழுத்துப் பாக்கறாரு பாருங்க” என்றார் அண்ணன். அந்த நாட்டில் நாங்கள் சந்தித்தவர்களில் புத்தியுள்ளவர் அவர் ஒருவர்தான்.

முகாமைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. பன்னிரண்டு கூடாரங்கள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில், வேண்டுமென்றே தள்ளித் தள்ளி. வாசலில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் போனைப் போட்டுவிட வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பாட்டுக் கூடாரத்தில் யாரும் பேசக் கூடாது. இதற்கு ஓர் இரவுக்கு வாங்குகிற பணத்தில் எங்கள் லைன் வீட்டின் எட்டுக் குடும்பமும் ஒரு மாத வாடகை கொடுத்துவிட்டு, மிச்சத்தில் பழனிக்குப் போய் வரலாம். எங்கள் எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய். தனிமை என்பது எனக்குத் தெரிந்து பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்ட நாலு நிமிடம். ஐந்தாவது நிமிடம் கதவைத் தட்டிவிடுவார்கள். அந்தத் தட்டாத கதவுக்குத்தான் இவர்கள் கடல் தாண்டி வந்து காசு கட்டுகிறார்கள்.

சாப்பாட்டில் அண்ணன் பட்ட பாடு பெரிய பாடு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது “சாப்புடுங்க, இன்னுங் கொஞ்சம் வெச்சுக்குங்க” என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. பேசக் கூடாது என்பதால் கையாலேயே எல்லாருக்கும் பரிமாறச் சைகை காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அம்மாளின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து எங்கள் ஊர் நிலக்கடலையை ஒரு கைப்பிடி எடுத்து அதில் வைத்தார். அந்த அம்மாள் கண்ணை மூடி அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒரே ஒரு கடலையை ஐந்து நிமிடம் மென்றாள். “பல்லு வலியாட்டங்க” என்று அண்ணன் என் காதில் சொன்னது கூடாரம் முழுக்கக் கேட்டது.

இரண்டாம் நாள் வெடியாலேயே காட்டு விலங்கு பார்க்கக் கூட்டிப்போனார்கள். முகாமை ஒட்டி ஒரு தனியார் காப்பகம். நுழைவாயிலில் காவலர் ஒருவர் எங்கள் பையில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எழுதிக்கொண்டார். தண்ணீர் பாட்டில் ஆறு. தொப்பி இரண்டு. துணி ஒன்று. உள்ளே எதுவும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் மான் தின்றுவிடும், எண்ணிக்கை குறைந்தால் அபராதம் என்றார் ஷாஜி. எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. எங்கள் கம்பெனி வாசலில் பீஸ் எண்ணுகிற வாட்ச்மேன் இத்தனை கவனமாக எண்ணியதில்லை.

ஓரிக்ஸ் மான் பற்றி நான் வரும்போதே போனில் படித்திருந்தேன். அழிந்துபோகும் நிலையிலிருந்து மீட்டெடுத்த இனம், தண்ணீர் இல்லாமல் வெகுநாள் தாங்கும், நேர்க்கொம்பு. மூன்று மணி நேரம் குலுங்கிய பிறகு அரை மைல் தள்ளி நான்கு வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார்கள். வண்டியில் இருந்த எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அண்ணன் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். “வெள்ளாட்டுக்கு ரெண்டு கம்பியச் சொருகி உட்ட மாதிரி இருக்குது. நம்ம காங்கேயங் காளை பக்கத்துல வந்து நிக்கச் சொல்லுங்க.”

முன் சீட்டில் ஒரு பெண் தன் கூட்டாளியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இங்கே வந்தால்தான் எனக்கு யாரும் தேவையில்லை என்று தெரிகிறது.” அவள் அதைச் சொல்வதற்கு ஓர் ஆள், வண்டி ஓட்ட ஓர் ஆள், மானைக் காட்ட ஓர் ஆள், திரும்பிப் போனதும் சூப் வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டார்கள். அண்ணனுக்கு அவள் பேச்சு புரியவில்லை. அவர் கவனமெல்லாம் அவள் கூட்டாளியின் டி-ஷர்ட்டில் இருந்தது. மெல்ல எட்டி, கழுத்துப் பட்டியைத் திருப்பி லேபிளைப் படித்துவிட்டார். அந்த ஆள் துள்ளித் திரும்பினான். “நம்மூருதுங்க! ஆனா அடித் தையல்ல ஊசி தப்பித் தையல் உட்டுப்போயிருக்குது, எவன் பாஸ் பண்ணுனானோ” என்றார் அண்ணன். நான் மன்னிப்புக் கேட்டேன். தையலைக் காட்டியும் கொடுத்தேன், உண்மை உண்மைதானே.

உச்சிப் பொழுதுக்கு மார்க்கஸின் மணல்மேட்டுக்குப் போனோம். அதுவும் காப்பகத்துக்குள்தான். அவருடைய விளம்பரப் படத்தில் இருக்கிற மேடு. அங்கே மட்டும் இறங்கலாம். அவர் பின்னால் நடந்து வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டியில் வருவது அவருக்கு மரியாதைக் குறைவாம். நானும் அண்ணனும் முதலில் ஏறித் துணியை விரித்தோம். நான்கு முனைக்கும் நான்கு தண்ணீர் பாட்டில் வைத்தோம். ஷாஜி நிழல் தேடி, கிடைக்காமல், நின்றார்.

விரித்த துணி மண்ணோடு மண்ணாகத்தான் தெரிந்தது. ஆனால் ஆசைப்பட்டுப் பார்க்கிறவன் கண்ணை நம்ப முடியாது. ஐந்தாவது சாம்பிளையும் நான் அப்படித்தான் பார்த்தேன்.

மார்க்கஸ் ஏறி வந்தார். முகம் செக்கச் சிவந்து, மேல்மூச்சு வாங்கியது. எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வாசலுக்கு வந்தால் முதலில் சொம்பில் தண்ணீர், அப்புறம்தான் எந்தப் பேச்சும். பங்காளிச் சண்டை போட வந்தவனுக்குக்கூடத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டை. மூச்சு வாங்க ஒருத்தர் மேடேறி வருவதைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா?

“வாங்க வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க!”

குனிந்தார். கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்து நீட்டினார். அது காற்று வருகிற பக்கத்து முனையில் இருந்த பாட்டில்.

துணி ஒரு தடவை மூச்சு விட்ட மாதிரி உப்பியது. அடுத்த நொடி மற்ற மூன்று பாட்டில்களும் சரிவில் உருள, துணி எழுந்து மேட்டு முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது.

“ஐயோ, புடிங்க கண்ணு!”

ஓடினேன். முகட்டிலிருந்து பார்த்தால் கீழே மணல். மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. நீல மூடி போட்ட பாட்டில்கள் மூன்றும் பளிச்சென்று தெரிந்தன, பொறுக்கிக்கொண்டேன். துணி மட்டும் தெரியவில்லை. ஓடிய இடமெல்லாம் துணி மாதிரி இருந்தது. கிட்டப் போனால் மணல் மடிப்பு.

“அக்கட்டப் பாருங்க, அக்கட்ட!” என்று மேலிருந்து அண்ணன் கை காட்டுவார், போனால் இருக்காது. ஷாஜியும் இறங்கித் தேடினார். “சாரே, காணாமப் போன ஒட்டகத்தைக்கூட நான் கண்டுபிடிச்சிருக்கேன். இது முடியாது” என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் மார்க்கஸே தேட ஆரம்பித்தார். மானுக்கு ஆபத்து என்ற கவலை அவருக்கு. ஒரு கையில் அண்ணன் கொடுத்த பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, மறு கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, மூன்று முறை “அதோ!” என்று கத்தினார். மூன்று முறையும் மணல்.

மூன்றாவது முறை நான் அவர் முன்னால் போய் நின்றேன். மனதுக்குள் ஆங்கிலத்தை இரண்டு தடவை அடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: “ஐயா, இது மணல் நிறம் இல்லை என்று ஐந்து முறை எழுதினீர்கள். இல்லையென்றால் இப்போது தனியாகத் தெரிய வேண்டுமே.”

அவர் என்னைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை; அதுதான் அவர் தொழில். பிறகு சொன்னார்: “மத்தியானம் ஒத்துப்போகிறது. ஆனால் என் நிறம் சாயங்காலம்தான் வரும். காத்திருப்போம்.”

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தொழிலில் உள்ள பெரிய பயம் அது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு நிறம் வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். கடை விளக்கில் பொருத்தமாக வாங்கிய சட்டையும் பேன்ட்டும் வெயிலுக்கு வந்ததும் பல்லிளிக்கிற மாதிரி. சாயங்கால வெயிலில் மணல் ஒரு பக்கம் சிவந்து, துணி வேறு பக்கம் பழுத்தால், அது எங்கே கிடந்தாலும் எழுந்து நின்று எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். அதுவரைக்கும் ‘முருகா, துணி கெடைக்கோணும்’ என்று வேண்டிக்கொண்டிருந்தவர், வேண்டுதலை மாற்றினார். “முருகா, பொழுதோட வரைக்கும் எவங் கண்ணுலயும் பட்டுறக் கூடாது.”

நான்கு மணி நேரம் முகட்டில் உட்கார்ந்தோம். சுற்றிலும் நூறு மைலுக்குத் தனிமை. நாங்கள் நான்கு பேரும் ஒரே சரிவை முறைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பேரீச்சம்பழத்தைச் சுற்றிக் கொடுத்தார். மார்க்கஸ் கண்ணை மூடியிருந்தார். நான் மூடவில்லை, மூன்று டன் துணியைச் சாயத்தில் தள்ளியவனுக்குத் தியானம் வராது.

ஐந்தே முக்காலுக்கு மணல் சிவந்தது. சரிவு முழுக்க, கீழிருந்து மேலாக, ஒரே சீராகச் சிவந்தது. ஏழு நிமிடம் இருந்திருக்கும். நன்றாகத்தான் இருந்தது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஏழு நிமிடத்துக்கு அவர் வாங்குகிற வாடகை அநியாயம் என்பதையும் மறைக்க மாட்டேன். சரிவில் எங்கேயும் ஒரு திட்டு பிரியவில்லை. ஒரு முனை காட்டிக்கொடுக்கவில்லை. ஜாஃபர் பாயின் துணி மணலோடு சேர்ந்து சிவந்து, மணலோடு சேர்ந்து மங்கியது.

மார்க்கஸ் எழுந்தார். “கார்டு வைத்திருக்கிறீர்களா?” என்றார். என் முதுகில் கார்டை வைத்து, ‘ஓகே’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா முதுகில் ஓடுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணன் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

நுழைவாயிலில் அதே காவலர், அதே நோட்டு. பாட்டில் ஆறு, சரி. தொப்பி இரண்டு, சரி. துணி ஒன்று?

“காத்து கொண்டுபோயிருச்சுன்னு சொல்லுங்க கண்ணு.”

சொன்னேன். காற்று கொண்டுபோனாலும் நீங்கள் கொண்டுபோனாலும் உள்ளே மிஞ்சியது மிஞ்சியதுதான் என்றார். நூறு ரியால். தேடுவதற்குக் காலையில் காப்பகத்தின் வண்டியும் தடம் பார்க்கிற ஆளும் போவார்கள், அதற்கு அறுபது. கண்டுபிடித்தால் நூறு திரும்பும். அத்தனை நேரமும் இயற்கையோடு ஒன்றியிருந்த மார்க்கஸ் அப்போது இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். “விதி விதிதான்” என்று கைகூப்பினார். பாதியை நான் தருகிறேன் என்று ஒரு வார்த்தை வாய்க்கு வரவில்லை. மௌனத்தின் உபயோகம் எனக்கு அங்கேதான் புரிந்தது.

மூன்றாம் நாள் காலை தடம் பார்க்கிற ஆள் மூன்று மணி நேரம் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். நரியின் காலடியைப் பார்த்து அதன் வயதைச் சொல்வாராம். எங்கள் துணி அவர் கண்ணிலும் படவில்லை. அண்ணன் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகத்தில் இருந்தது வருத்தமா பெருமையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வேலம்பாளையத்துக்கு வந்து சேர்ந்த அன்று மத்தியானம் ஜாஃபர் பாய் கம்பெனிக்கு வந்தார். கட்டிங் மேசையில் அந்த மூன்று டன்னின் முதல் ரோலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கார்டைக் காட்டினேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“பாரத்தை எடுக்காதீங்கன்னு சொன்னனுங்களே அண்ணா.”

“மூச்சு வாங்கிட்டு வந்தாருங்க பாய். தண்ணி குடுக்காம எப்படிங்க?”

“அதுவுஞ் சரிதானுங்க.” சற்று நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். “நானும் வந்திருந்தா எனக்கு டிக்கெட் எவ்வளவு ஆயிருக்கும்ங்க?”

“முப்பத்திரண்டாயிரம்” என்றேன் நான். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

“சரி, அத்தனையும் பண்ணிட்டீங்க. அந்த வெள்ளைக்காரர் தண்ணியக் குடிச்சாருங்களா?” என்றார் பாய்.

அதுவரைக்கும் நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். ஏறி வந்தபோது வாங்கினார். தேடும்போது கையில் பிடித்திருந்தார். முகட்டில் நான்கு மணி நேரம் காலுக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்தார். வாயிலில் எண்ணும்போது மூடி திறக்காமல் அப்படியே திருப்பித் தந்தார். ஒரு மடக்குக்கூடக் குடிக்காத அந்தத் தண்ணீருக்கு அபராதமும் தேடுகூலியுமாக எங்களுக்கு ஆன செலவு நூற்று அறுபது ரியால்; நம்மூர்ப் பணத்தில் முப்பத்தாறாயிரத்து நானூறு ரூபாய்.